மூன்றாவது ஆளைத் தொட்டாள்!

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. கையில் துப்பாக்கி இருந்தது. சுட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

காலடியில் ஒரு பிணம்!

அவரே போட்ட பிணம்.

மூடிக் கிடந்த செங்கல் சூளைக்குப் பின்னால், காலை வெயிலில் மல்லாந்து கிடந்தான் சுருட்டை. தலைமுடியால் வந்த பட்டப்பெயர். தொழில், சைக்கிள் திருட்டு. மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பட்டப்பகலில் குத்திக் கொன்றுவிட்டு, அவள் கைப்பையோடு ஓடிப்போனவன் என்று சொல்லி அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பையைத் தோண்டி எடுக்கத்தான் இன்று அவனை இங்கே அழைத்து வந்ததாக ரிப்போர்ட்டில் வரும்.

பையாவது, ஒன்றாவது!

"சார்... நான் அந்தக் கடைப் பக்கமே போகல சார்! சைக்கிள்னா எடுப்பேன் சார்... உசுர எடுக்க மாட்டேன் சார்!"

கடைசியாக அவன் கத்தியது அதுதான். இன்ஸ்பெக்டர் அசரவில்லை. இதே வசனத்தை அவர் எத்தனை வாயால் கேட்டவர்!

"யோவ் டிரைவர்! கத்திய அவன் கையில வைய்யா."

ஜீப் ஓட்டும் கான்ஸ்டபிள் குனிந்து வைத்தான்.

"வலது கையிலய்யா! செத்தப்புறம் இடது கைக்காரனா மாறிட்டானா அவன்?"

"ஸாரிங்கய்யா..."

"அப்படியே உன் கையிலயும் லேசா ஒரு கீறல் போட்டுக்க. நம்மளத் தாக்கிட்டுத் தப்பிக்கப் பாத்தான்... தற்காப்புக்காகச் சுட்டோம்... மண்டையில ஏறுச்சா?"

"வலிக்குமேங்கய்யா..."

"வலிச்சாத்தான்யா மெடல்!"

செல்போன் மறுபடி அலறியது. இந்த முறை எடுத்தார். மறுமுனையில் ஸ்டேஷன் ஏட்டு. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப்போகிற மனுஷர். எதற்கும் பதறாதவர். இன்று அவர் குரல் தந்தியடித்தது.

"அய்யா... கொலைங்கய்யா! ஸ்டேஷன்ல!"

"ஸ்டேஷன் லிமிட்லன்னு சொல்லுய்யா."

"லிமிட்ல இல்லீங்கய்யா... ஸ்டேஷன்லயே! வாசப்படியில!"

"என்னது?! யாரு செத்தது?"

"நம்ம ஸ்டேஷனுக்குத் தண்ணி கேன் போடறானே... அவன்ங்க. தோள்ல கேனோட படியேறி வந்தான். பின்னாடியே வந்து கத்திரிக்கோலால கழுத்துல..."

"யாருய்யா குத்துனது?"

"தையல்காரம்மாங்க. செத்துப்போன மருந்துக்கடைப் பொண்ணோட அம்மா."

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தம்மாவுக்கும் கேன்காரனுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

மறுமுனையில் யாரோ கூச்சல் போடுவது மட்டும் கேட்டது.

"லைன்ல இருக்கியாய்யா?"

"பரேடுங்கய்யா..." என்றார் ஏட்டு ஈனஸ்வரத்தில். "அன்னிக்குப் பரேடுல சின்னப் பொண்ணு தொட்டுச்சே... அது இவனத்தான்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்து ஓடினார்.

*

போன வாரத்துக் கூத்து அது.

சிறை வளாகத்தில் அடையாள அணிவகுப்பு. பெயர்தான் பெரிசு. சந்தேகப்படுகிற ஆளை, அவனைப் போலவே இருக்கிற நாலைந்து அப்பாவிகளோடு கலந்து வரிசையாக நிறுத்துவார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சி வந்து, இவன்தான் என்று தொட்டுக் காட்ட வேண்டும். சும்மா நிற்க வந்த அப்பாவிகளுக்குப் போலீஸ் பாஷையில் டம்மி என்று பெயர்.

சாட்சி, செத்தவளின் தங்கை. காலேஜ் முதல் வருஷம். அக்காவைப் பார்க்க மருந்துக்கடைக்குப் போனவள், ரத்தக் கையோடு வெளியே ஓடி வந்தவன் மேல் மோதிக்கொண்டாள். முகத்துக்கு முகம்! ஒல்லி, உயரம், சுருட்டை முடி என்று அவள் சொன்ன அடையாளத்தை வைத்துத்தான் சுருட்டையை அமுக்கினார்கள்.

டம்மிகளை வழக்கமாகச் சிறையிலிருந்தே எடுப்பார்கள். அன்றைக்குப் பார்த்துச் சிறையில் சுருட்டை முடிக்குப் பஞ்சம். ஏட்டு தெருவில் இறங்கினார். கண்ணில் பட்ட சுருட்டை முடிக்காரனையெல்லாம் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். அதில் ஒருவன்தான் இந்தக் கேன்காரன்.

சுருட்டை கடைசியில் நின்றான்.

தங்கச்சிப் பெண் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் மூன்றாவது ஆளைத் தொட்டாள். பச்சைச் சட்டை. கேன்காரன்!

டம்மியைத் தொட்டால் பரேடு அவுட். பரேடு போனால் கேஸும் அவுட். சுருட்டை ஜாமீனில் வரப்போகிறான் என்று ஊரே போலீஸைக் காறித் துப்பியது. மேலிடத்திலிருந்து தினமும் வசவு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். இன்று காலை தீர்ப்பைத் தானே எழுதிவிட்டார், சூளைக்குப் பின்னால்.

*

ஸ்டேஷன் வாசலில் கேன் உடைந்து தண்ணீர் படியெல்லாம் ஓடியிருந்தது. கேன்காரன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர் அறையில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை. ஒளியவில்லை. குத்திய கையோடு உள்ளே வந்து, கத்திரிக்கோலை ஏட்டின் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான். கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது.

"என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க?"

"நீங்க பண்ணல. நான் பண்ணேன்."

"கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு சார். அந்தக் கோர்ட்டு மாஜிஸ்திரேட் முன்னாடிதான் எம் பொண்ணு அவனத் தொட்டா. வெளிய வந்து, 'மூணாவது ஆளும்மா... பச்சச் சட்டம்மா...'ன்னு நடுங்கிட்டே சொன்னா. கொஞ்ச நேரத்துல அந்தப் பச்சச் சட்டை ஜெயில் முன்வாசல் வழியா வரான்! உங்க ஏட்டு அவன் தோள்ல தட்டி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பறாரு! நான் எதிர்ல நின்னு பாத்துட்டு இருக்கேன் சார்!"

வாசலில் நின்ற ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கில்லம்மா..."

"உங்ககிட்டயே வந்து கேட்டேன். 'என்ன சார், தொட்டுக் காட்டியும் விட்டுட்டீங்களே?'ன்னு. என்ன சொன்னீங்க? 'பரேடு நமக்குச் சாதகமா இல்லம்மா, மேல நான் பாத்துக்கறேன், போங்க'ன்னீங்க. செல்போனக் காதுல வெச்சுக்கிட்டே சொன்னீங்க."

இன்ஸ்பெக்டருக்கு நினைவு வந்தது. டம்மி என்றால் என்ன என்று அன்றைக்கு இவளுக்கு ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். யாருக்கு நேரமிருந்தது!

"எவனோ பெரிய எடத்துப் பையன் போல... வாங்கிக்கிட்டு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அவன் பின்னாடியே போனேன். பாத்தா தண்ணி கேன் தூக்கறவன். அதுவும் போலீஸ் ஸ்டேஷனுக்கே! தெனம் உங்க வாசல்ல வந்து நிக்கறான், நீங்களும் அவன் ஊத்தற தண்ணியக் குடிக்கறீங்க. எனக்கு எப்படி இருக்கும் சார்?"

"இருந்தாலும் ஒருத்தனக் கொல்ற உரிமை உங்களுக்கு யாரு குடுத்தது?"

"அரசாங்கத்துக்கு யாரு குடுத்தது?"

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"சட்டம் குடுத்ததும்மா! அரசாங்கம் ஒருத்தனத் தூக்குல போடறதுக்கு முன்னாடி நூறு தடவ யோசிக்கும். சாட்சி, வக்கீல், அப்பீல், கருணை மனு... இவ்வளவும் எதுக்கு? தப்பான ஆள் ஒருத்தன் செத்துடக் கூடாதுன்னுதான்! நீங்க யோசிச்சீங்களா?"

நூறு தடவை யோசிக்கிற அரசாங்கத்தின் துப்பாக்கி அவர் இடுப்பில்தான் இருந்தது. காலையில் அது ஒரு தடவைகூட யோசிக்கவில்லை!

"யோசிச்சேன் சார்," என்றாள் தையல்காரம்மா. "சோறு தண்ணி இல்லாம அத மட்டும்தான் யோசிச்சேன். அவனக் கொன்னுட்டா நெஞ்சுல இருக்கற பாரம் எறங்கும்னு நெனச்சேன். பெரியவ நிம்மதியாத் தூங்குவா, நானும் தூங்கலாம்னு நெனச்சேன்."

"எறங்குச்சா?"

அவள் கழுத்து டேப்பை விரலில் சுற்றினாள்.

"இல்ல சார். அப்படியேதான் இருக்கு. அவ வரல. அவன் போயிட்டான், அவ்வளவுதான். ஆனா சரியான ஆளப் போட்டோம்னு ஒண்ணு இருக்கு பாருங்க... அது ஒண்ணப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். நிஜமாகவே அவருக்குப் பாவமாக இருந்தது. அவரும் மனுஷர்தான், இரண்டு பெண்களைப் பெற்றவர்தான்.

"அம்மா... இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவன் அக்யூஸ்டே கிடையாது. டம்மி."

"டம்மின்னா?"

"சும்மா வரிசைய நிரப்பறதுக்கு நிறுத்துன ஆளு. ரோட்டுல போயிட்டிருந்தவன நம்ம ஏட்டுதான் கூட்டிட்டு வந்தாரு. உங்க பொண்ணு பதட்டத்துல அவனத் தொட்டுடுச்சு. உண்மையான கொலைகாரன் அதே வரிசையில கடைசியில நின்னான்."

அவள் முகம் பேயறைந்தது போல ஆனது.

"பொய்... பொய் சொல்றீங்க."

"எதுக்கும்மா பொய் சொல்லணும்? மாஜிஸ்திரேட்டக் கேளுங்க. யாரு டம்மி, யாரு அக்யூஸ்டுன்னு அவர் கையெழுத்தே இருக்கு. கொன்னவன் பேரு சுருட்டை. இன்னிக்குக் காலையில தப்பிச்சு ஓடப் பாத்தான். சுட்டுட்டோம். நீங்க வீட்டுல உக்காந்திருந்தா, இந்நேரம் நானே வந்து நல்ல சேதி சொல்லியிருப்பேன்..."

தையல்காரம்மா தன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அப்ப... நான் யார சார் கொன்னேன்?"

ஏட்டு வெளியே படியில் கிடந்த போர்வையைத் திரும்பிப் பார்த்தார்.

"அய்யோ... நான் யாரக் கொன்னேன்?!"

அவள் போட்ட கூச்சலில் வெளியே நின்ற கூட்டம் வாயை மூடிக்கொண்டது.

*

சின்னவள் காலேஜிலிருந்து ஓடி வந்தாள். கான்ஸ்டபிள்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா! அவன்தாம்மா! நான் சரியாத்தாம்மா தொட்டேன்!"

தையல்காரம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூழ்குகிறவளின் பிடி அது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுடி! அவனேதானா? அம்மாவுக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்டி!"

"அவன்தாம்மா... அந்தக் கண்ணு..."

"பாப்பா," என்றார் இன்ஸ்பெக்டர் தன்மையாக. "நீ அவன எவ்வளவு நேரம் பாத்த?"

"மோதிக்கிட்டப்ப... ஒரு செகண்டு..."

"ஒரு செகண்டு. அப்ப நீ அழுதுட்டு இருந்தியா, கத்திட்டு இருந்தியா?"

"தெரியல சார்..."

"பரேடுல எல்லாருக்கும் ஒரே மாதிரி முடி. ஒரே மாதிரி ஒசரம். நீயோ பயத்துல நடுங்கிட்டு இருந்த. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவனத் தெருவுலருந்து கூட்டிட்டு வந்தோம் பாப்பா. அவனுக்கும் இந்தக் கேசுக்கும் சம்பந்தமே இல்ல. இப்பச் சொல்லு... அவனேதானா?"

சின்னவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் சட்டையில் நட்சத்திரங்கள் இருந்தன. பின்னால் சுவரில் பெரிய பெரிய ஆட்களின் படங்கள் இருந்தன. இவளோ பத்தொன்பது வயசுப் பெண்.

"நான்... அவன்தான்னு நெனச்சேன் சார்..."

"நெனச்ச. அவ்வளவுதானே?"

"...ம்."

தையல்காரம்மாவின் கை பிடியிலிருந்து நழுவியது.

"அவளத் திட்டாதீங்க சார்," என்றாள். "குத்துனது அவ இல்ல. எழுதுங்க. நான்தான் கொன்னேன்னு எழுதுங்க. எனக்குத் தூக்கே குடுக்கச் சொல்லுங்க."

*

மதியம் அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேன் வரவேண்டும். நிருபர்கள் வாசலில் கேமராவோடு காத்திருந்தார்கள். சுருட்டையைச் சுட்ட வீரரைப் பேட்டி எடுக்க வேண்டுமே!

இன்ஸ்பெக்டர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தபோது ஏட்டு எட்டிப் பார்த்தார்.

"அய்யா... கேன்காரன் சம்சாரம் வந்திருக்குங்க."

"அழுவுதா?"

"அதான் இல்லீங்கய்யா..."

உள்ளே வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இடது கன்னத்தில் பழைய வீக்கம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"உக்காரும்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. அப்பாவி மனுஷன்..."

"அவர் அப்பாவி இல்லீங்க," என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டரின் சீப்பு நின்றது.

"தையல்காரம்மா தப்பான ஆளக் கொன்னுட்டாங்கன்னு வெளிய பேசிக்கறாங்க. அந்தம்மா கதறுனது தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. தாங்க முடியல சார். அதான் வீட்டுக்குப் போயி இத எடுத்துட்டு வந்தேன். அவங்க சரியான ஆளத்தான் கொன்னிருக்காங்க!"

கவரைத் தலைகீழாகக் கொட்டினாள். மேஜைமேல் ஒரு துணிக் கைப்பை விழுந்தது. நீலமும் மஞ்சளுமாக ஒட்டுத் துணியில் தைத்தது. ஓரமெல்லாம் பழுப்பாக ரத்தக் கறை. உள்ளே மாத்திரை அட்டைகள். மருந்துக்கடை ஐ.டி. கார்டு. அதில் செத்துப்போனவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்க மாத்திர இல்லாம அவரால இருக்க முடியாது சார். டாக்டர் சீட்டு இல்லாமத் தர மாட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. கத்தியக் காட்டி மெரட்டத்தான் போனாராம். அது கத்தியிருக்கு... அன்னிக்குச் சட்டையெல்லாம் ரத்தத்தோட வந்தாரு. வெளிய சொன்னா எனக்கும் கொழந்தைக்கும் அதே கதிதான்னாரு."

"அப்பவே வந்து சொல்றதுக்கு என்ன?"

"வந்தேங்க. வாசல்ல அவரு கேன் எறக்கிட்டு இருந்தாரு. இந்த ஏட்டு அண்ணன் அவர்கிட்ட ஏதோ ஜோக் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தாரு. யார்கிட்ட சொல்றது? திரும்பிப் போயிட்டேன்."

ஏட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா..." என்றார் வறண்ட குரலில். "பரேடுக்கு வரமாட்டேன்னான்யா அவன். நேரமாச்சு, கேன் போடணும்னு ஒரே அடம். நான்தான் கழுத்தப் புடிச்சு ஜீப்புல ஏத்துனேன். பொண்ணு தொட்டதும் கைகாலெல்லாம் ஒதறிச்சு. 'பயப்படாதடா, நீ டம்மி, உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க'ன்னு... டீ வேற வாங்கிக் குடுத்தேன்யா!"

விஷயம் இவ்வளவுதான். சாட்சி சொன்ன அடையாளத்தை வைத்துச் சுருட்டையைப் பிடித்தார்கள். சுருட்டையின் அடையாளத்தை வைத்துக் கேன்காரனைப் பிடித்தார்கள். அந்தப் பெண் விரலை நீட்டிச் சரியாகக் காட்டினாள். சட்டம் சொன்னபடி எல்லாம் நடந்து, சட்டத்துக்குச் சரியான விடையும் கிடைத்தது. ஒரு பயல் நம்பவில்லை!

இன்ஸ்பெக்டர் மெதுவாக உட்கார்ந்தார். உசுர எடுக்க மாட்டேன் சார் என்ற குரல் காதுக்குள் ஒருதரம் கேட்டது.

கொஞ்ச நேரம்தான்.

பிறகு அவர் அந்தப் பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

அதைப் பார்த்துத்தான் ஏட்டுக்குப் பயம் வந்தது!

"ஏம்மா... இது இத்தன நாளா உன் வீட்டுலதான் இருந்துச்சா?"

"ஆமாங்க. அரிசி டப்பாவுக்குப் பின்னாடி."

"கொலைக் கேசுப் பொருள ஒளிச்சு வெச்சா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

அவள் முகம் வெளிறியது.

"சார்... நானாத்தானே கொண்டு வந்தேன்..."

"கொழந்த இருக்குன்னு சொன்னல்ல? நீயும் உள்ள போயிட்டா அத யாரு பாத்துப்பா?"

"சார்..."

"பயப்படாத. நீ இங்க வரவே இல்ல. எதையும் குடுக்கல. உன் புருஷன் அப்பாவி. ஊரே அவனுக்காக அழுவுது. வீட்டுக்குப் போயி நீயும் அழு."

அவள் ஏட்டைப் பார்த்தாள். ஏட்டு தரையைப் பார்த்தார். அவள் காலிக் கவரை மடித்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போதுதான் அழுதாள்.

கதவு சாத்தியதும் ஏட்டு வெடித்தார்.

"அய்யா, வேணாங்கய்யா! அந்தம்மாவுக்கு மட்டுமாவது சொல்லிடலாங்கய்யா. அவங்க கேட்டது அது ஒண்ணுதான். சரியான ஆளாங்கறது ஒண்ணுதான்! கொலைக் கேசு கொலைக் கேசாவே இருக்கட்டும்... ஆனா ஜெயில்ல ஒரு வாய் சோறாவது எறங்கும்ல?"

"சொல்லலாமே. சொல்லிட்டு அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லு. கேன்காரன் கொலைகாரன்னா, காலையில நான் சுட்டது யார?"

ஏட்டு விழித்தார்.

"அதோட விடுவாங்களா? அந்தக் கேன்காரன டம்மியாக் கூட்டிட்டு வந்தது யாரு? தோள்ல தட்டி வெளிய அனுப்பினது யாரு? எனக்குக் கயிறுன்னா, உனக்குப் பென்ஷன் கட். எப்படி வசதி?"

ஏட்டு மேஜைமேல் கிடந்த பையைக் கையில் எடுத்தார்.

"அப்ப... இந்தப் பைய எரிச்சிடவாங்கய்யா?"

"எரிக்கறதா? பைத்தியமாய்யா நீ!" இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "காலையிலருந்து இந்தப் பை இல்லையேன்னுதான்யா நான் தவிச்சிட்டு இருந்தேன்!"

*

வராந்தாவில் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். மேலே சுருட்டையின் கத்தி. பக்கத்தில் அந்தக் கைப்பை. கேமராக்கள் மொய்த்தன.

"இறந்தவன் ஒளிச்சு வெச்சிருந்த எடத்தக் காட்டினான். பையத் தோண்டி எடுத்தோம். எடுத்த கையோட எங்களத் தாக்கினான்..." இன்ஸ்பெக்டர் கோர்வையாகச் சொல்லிக்கொண்டே போனார். டிரைவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரம்மாவை வேனுக்கு அழைத்து வந்தார்கள். மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் நின்றுவிட்டாள்.

"அது... எம் பொண்ணு பை."

கேமராக்கள் இவள் பக்கம் திரும்பின.

"மிச்சத் துணியில நான் தெச்சுக் குடுத்தது. அடியில ரெட்டத் தையல் போட்டிருப்பேன், பாருங்க. கனம் தாங்காமப் பிஞ்சுடக் கூடாதுன்னு போட்டேன்." கையை நீட்டினாள். விலங்கு இழுத்தது. "இது... யார்கிட்ட இருந்துச்சு?"

"சுருட்டைகிட்டம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அதுவரை அவளுக்குள் ஒரு நூலிழை மிச்சம் இருந்தது. சின்னவள் சரியாகத்தான் தொட்டிருப்பாளோ என்ற நூலிழை. இப்போது அதுவும் அறுந்தது. தன் தையலைத் தானே பார்த்துவிட்டாளே! இனி யார் வந்து என்ன சொன்னாலும் நம்பமாட்டாள்.

கூட்டத்தில் நின்ற சின்னவளும் பையைப் பார்த்தாள். அவள் வலதுகை ஆள்காட்டி விரலை இடதுகைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள். அப்புறம் அந்தக் கையை அவள் திறக்கவே இல்லை.

ஏட்டுதான் வேன் வரைக்கும் தையல்காரம்மாவைக் கூட்டிப்போனார்.

"அண்ணே..."

"சொல்லும்மா."

"அந்தப் பையனுக்குக் கொழந்த இருக்கா?"

"...ஒண்ணு இருக்கும்மா."

"பாவி நான். அவன் பொண்டாட்டியப் பாத்தா, கால்ல விழுந்தேன்னு சொல்லுங்கண்ணே. ஒரு அப்பாவியக் கொன்னுட்டேனே... சுருட்டைக்கும் எனக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

ஏட்டு சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். காதோடு சொன்னால் முடிந்தது. அவர் உதடு பிரிந்தது. "தங்கச்சி..."

வராந்தாவிலிருந்து இன்ஸ்பெக்டர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"...படி ஒசரமா இருக்கு. பாத்து ஏறும்மா," என்றார் ஏட்டு.

வேன் கிளம்பிப் போய்விட்டது.

வராந்தாவில் ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "சார், தையல்காரம்மா செஞ்சது பத்தி என்ன நெனைக்கறீங்க?"

"பெத்த மனசு எனக்குப் புரியுதுங்க," இன்ஸ்பெக்டரின் குரல் தழுதழுத்தது. "ஆனா சட்டத்த ஆளாளுக்குக் கையில எடுத்தா என்ன ஆகும்னு பாத்தீங்கல்ல? ஒரு அப்பாவி போயிட்டான். தப்பு பண்ணவனத் தண்டிக்க நாங்க இருக்கோம். எங்ககிட்ட விட்டுடுங்க!"

கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

டிரைவர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே ஏட்டிடம் வந்தான். முகமெல்லாம் பெருமை.

"அய்யா எப்படிப் பேசுனாரு பாத்தீங்களாண்ணே! சரிதானே? பொதுஜனம் சட்டத்தக் கையில எடுக்கலாமா?"

ஏட்டு மூக்கைச் சிந்தினார். கண்ணைத் துடைத்தார். இடுப்பு பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எடுக்கவே கூடாதுப்பா. அவங்களுக்கு ட்ரெய்னிங் பத்தாது பாரு... கொலைகாரனையே கொன்னு தொலைச்சிடறாங்க!"